பத்தாவது கையெழுத்து

அந்த அக்காவை யார் என்ன சொன்னாலும் அந்த இடத்தில் பதில் சொல்லமாட்டாள். முகம் மாறாது, குரல் ஏறாது. "சரி" என்று ஒரு வார்த்தை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். தெரியாதவர்கள் அவளை வாயில்லாத பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வில்லியனூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவளை, அவளுடைய பெரியப்பா மகனின் மனைவி எழுப்பிவிட்டாள். "மாப்ள வூட்டுக்காரங்க நிக்கிறாங்க. நீ அப்பறமா குந்திக்க" என்று எல்லார் எதிரிலும் சொன்னாளாம். அக்கா எழுந்து நின்று, தன் இலையைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. அந்த அண்ணியை வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். முதல் பந்தியில் நடுவில் உட்கார வைத்தாள். தானே வாளியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவள், அண்ணியின் இலைக்கு வந்ததும் கரண்டியை வாளிக்குள் விட்டு, அவளைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து இருவரும் பழையபடி ஒட்டும் உறவுமாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவளிடம் எனக்குப் புரியாத விஷயம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டால் அவளிடம் கோபம் என்று ஒரு துளி மிச்சம் இருக்காது.

எனக்கு அவள் பழக்கமானது என் கடையால். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் என்னைப் பெற்ற அத்தா டைப்ரைட்டிங் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான் அதையே கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று மாற்றிக்கொண்டேன். அக்கா திருவாண்டார்கோயில் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்தாள். புருஷன் திருப்பூர் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரே மகள், அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா லீவு நாளில் நாலு பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வருவாள். ஒருத்திக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், ஒருத்திக்கு விதவைப் பென்ஷன், ஒருத்திக்குப் பட்டா நகல். எல்லாருடைய காகிதமும் அவள் பையில் வரிசையாக இருக்கும். பத்து வருஷம் கட்சியில் அப்படி உழைத்தாள். எங்கள் தொகுதியில் எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று கட்சி ஆபீஸில் இருந்தவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அடுத்து வந்த சட்டசபைத் தேர்தலில் அவளே சீட் கேட்டு விருப்ப மனு கொடுத்தாள். மனுவை டைப் அடித்தது நான். பாண்டிச்சேரியில் கட்சித் தலைவர் நேர்காணல் நடத்தினார். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். தலைவருக்குப் பக்கத்தில் எங்கள் தொகுதிச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மூன்று தேர்தலில் அவருக்குக் கீழேதான் வேலை செய்திருக்கிறாள். அவரும் அதே சீட்டுக்கு மனு போட்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணன் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நம்பிப் போனாள்.

தலைவர் கேட்டார். "இந்தம்மா எப்படி?"

"ஒழைப்பாளி தலைவரே. ராத்திரி பகல் பாக்காம சுத்துவாங்க. வூட்ல கேக்கத்தான் ஆள் இல்லியே."

தலைவர் சிரித்தார். அறையில் இருந்த இன்னும் மூன்று பேரும் சிரித்தார்கள். அக்கா "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள்.

அவள் வில்லியனூரில் இறங்குவதற்குள் அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் அது வேறு மாதிரி ஆயிற்று, இன்னொரு வாரத்தில் பெயர், இடம் எல்லாம் சேர்ந்துகொண்டது. மகளுக்கு நெட்டப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பூ வைக்க நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்கள். "பொண்ண பத்தி எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. பொண்ணோட அம்மாவ பத்தி நாலு பேர் நாலு விதமா சொல்றாங்க." அக்கா அதற்கும் சரி என்றுதான் சொன்னாள்.

சீட் அந்த அண்ணனுக்கும் கிடைக்கவில்லை. தலைவர் தனக்கு வேண்டிய டவுன்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் கட்சியை விட்டு வெளியேறி, மண்ணின் மைந்தனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சொல்லி சுயேச்சையாக நின்றார். கட்சிச் சின்னத்தில் நிற்பவருக்கு வேட்புமனுவில் முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும், பத்துப் பேருக்கும் அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். அந்தப் பத்தில் கடைசிக் கையெழுத்து அக்காவுடையது.

ஊரே ஆச்சரியப்பட்டது. நானே கேட்டுவிட்டேன். "அவர் அப்டி பேசின பொறவும் அவருக்கா போறீங்க?"

"சிரிச்சவங்க அந்தப் பக்கம் இருக்காங்களே மா" என்றாள்.

அந்த ஒரு மாதம் அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். டவுன்காரர் தோற்றார். அண்ணன் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். ஓட்டு எண்ணிக்கை முடிந்த மறுநாள் அக்கா ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். தன்னுடைய பழைய விருப்ப மனுவின் நகல் ஒன்று எடுத்துத் தரச் சொன்னாள். அதை நாலாக மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்து, மேலே லட்டை அடுக்கி, பாண்டிச்சேரிக்குப் போய்த் தலைவர் ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் எம்.எல்.ஏ. ஆபீஸில்தான் இருந்தாள். அவருக்கு எல்லாமே அவள்தான். காலையில் மனு கொடுக்க வருகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்துவாள். சாவு வீட்டுக்கு யார் பேரில் மாலை போக வேண்டும் என்று சொல்வாள். அவருக்கு சுகர் இருந்ததால் அவர் டீயில் சர்க்கரை போடாமல் பார்த்துக்கொள்வாள். அவர் மேடையில் அவளைத் "தங்கச்சி, கூடப் பொறக்காத தங்கச்சி" என்பார். மகளுக்குப் பாகூரில் நல்ல இடம் அமைந்தபோது அவரே முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தினார். தாலி கட்டி முடிந்ததும் மகளும் மருமகனும் அவர் காலில் விழுந்தார்கள். அக்கா பக்கத்தில் நின்று அட்சதைத் தட்டை நீட்டினாள்.

அடுத்த தேர்தலுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் தனியாக வந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்து அக்கா பாகூரில் அவளோடு தங்கியிருந்த நேரம். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ஆபீஸுக்கு வந்துபோனாள்.

"மா, என் ஓட்ட பாகூருக்கு மாத்தணும். மருமவன் வூட்டு அட்ரஸ். ஆன்லைன்ல போடு."

போட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது. திருத்தப்பட்ட பட்டியல் வந்தபோது எங்கள் தொகுதியில் அவள் பெயர் நீக்கப்பட்டிருந்தது, பாகூரில் சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பட்டியலையும் சரிபார்க்க எம்.எல்.ஏ. ஒவ்வொரு ஆளைப் போட்டிருந்தார். அவளுடைய தெரு இருந்த சாவடிக்குப் போட்ட ஆள் அவளேதான்.

தேர்தல் வந்தது. கட்சி திரும்பவும் நேர்காணல் நடத்தி ஒருவரை நிறுத்தியது. எம்.எல்.ஏ. திரும்பவும் சுயேச்சை. இந்த முறை அவர் ஜெயிப்பார் என்று எல்லாருமே சொன்னார்கள், தேர்தல் நடப்பது மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி. அவருக்கு ராசியில் நம்பிக்கை அதிகம். போன தடவை முன்மொழிந்த அதே பத்துப் பேர்தான் இந்தத் தடவையும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மனு மூன்று செட் தயாரித்தோம். மூன்றிலும் அதே பத்துப் பேர்.

மனுவை நிரப்பும் வேலை என் கடைக்கு வந்தது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்மொழிபவர்களின் பாகம் எண், வரிசை எண் எல்லாம் ஒரு பழைய வாக்காளர் பட்டியலிலிருந்து சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டு வந்தேன். ஒன்பது பேர் முடிந்தது. பத்தாவதாகத் தன் பெயரைச் சொன்னாள். பாகம் எண் சொன்னாள். வரிசை எண் சொன்னாள்.

என் கை நின்றுவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னா மா பாக்குற?"

"அக்கா, இது பழைய நம்பர்..."

"நம்பர் நான்தானே சொல்றேன். நீ அடி."

உதவியாளர் வாசலில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு ஒருவரைப் பத்தாவதாகப் போட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. பயம் என்று இத்தனை நாள் மற்றவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை அது இல்லை. எம்.எல்.ஏ. முகம் எப்படிப் போகும் என்று எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. எங்கள் தெருவில் அந்த மனிதரிடம் ஏதாவது ஒரு பேச்சு வாங்காத பெண் கிடையாது. கடை அவருடைய மச்சான் கட்டிடத்தில் இருந்ததால் நானும் சிரித்துக்கொண்டே நிறைய வாங்கியிருக்கிறேன். நான் அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய உண்மையான கையெழுத்துதான்.

ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் கடைசி நாளின் கடைசி அரைமணி. அந்த நேரத்துக்கே போய்க் கொடுத்தார்கள். மறுநாள் பரிசீலனை. ஏதாவது பிரமாணப் பத்திரம் புதிதாக அடிக்க வேண்டியிருந்தால் உதவும் என்று என்னை லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். வேட்பாளரோடு ஒரு முன்மொழிபவர் உள்ளே போகலாம். தங்கச்சியைத்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே கார் பக்கத்தில் நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து எம்.எல்.ஏ. வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதவியாளர் போனைக் காதில் வைத்தபடி கத்திக்கொண்டிருந்தார். "பத்துல ஒண்ணு இந்தத் தொகுதியே இல்லியாம் சார். மூணு செட்டும் போச்சு சார்." அக்கா கடைசியாக வந்தாள், வழக்கம்போல நடந்து.

எம்.எல்.ஏ. காருக்குள் ஏறவில்லை. அவளுக்காக நின்றார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஓட்ட மாத்தினத மறந்துட்டியா தங்கச்சி?"

"மறக்கலண்ணே."

"உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்? உன் பொண்ணு கல்யாணத்த நான்தானே நின்னு நடத்தினேன்."

"அது ரெண்டாவதா வந்த சம்பந்தம்ணே. மொதல்ல நெட்டப்பாக்கத்துல ஒண்ணு வந்துச்சு." பிறகு அந்த நேர்காணல் அறையை அவருக்குச் சொன்னாள். தலைவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், யார் யார் சிரித்தார்கள், மேஜை மேல் இருந்த தட்டில் அவர் எதை எடுத்துத் தின்றுகொண்டே பேசினார் என்பதுவரை. கடைசியில் அந்த வாக்கியத்தை அவர் சொன்ன அதே தொனியில் சொன்னாள். வூட்ல கேக்கத்தான் ஆள் இல்லியே.

எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார், உதவியாளரைப் பார்த்தார். "நானா? நான் அப்டி சொன்னேனா?" அவர் நடிக்கவில்லை. அந்த முகத்தை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. "சொல்லியிருந்தாலும் சும்மா தமாசுக்கு சொல்லியிருப்பேம்மா."

"நானும் தமாசுக்குத்தான் கையெழுத்து போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

அவருக்குப் பிறகு அரசியலே இல்லை. கட்சி ஜெயித்தது. சுகர் ஏறி ஒரு காலில் இரண்டு விரல் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரைப் பார்க்க முதலில் போனவள் அக்காதானாம், சர்க்கரை இல்லாத பிஸ்கட் வாங்கிக்கொண்டு. அவள் கேலிக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கணக்கு தீர்ந்துவிட்டது, பழைய அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

என் கதை வேறு மாதிரி போயிற்று. மனுவை அடித்தது யார் என்று கேட்டார்கள். ஓட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டதும் அதே கடை என்று தெரிந்தது. கட்டிடத்துக்காரரான எம்.எல்.ஏ.வின் மச்சான் ஒரு வாரத்தில் கடையைக் காலி செய்யச் சொன்னார். அத்தா காலத்திலிருந்து நாங்கள் இருந்த இடம். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்த அன்று அக்கா உதவிக்கு வந்தாள். மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"ஏங்கா, ஆன்லைன் கடை எத்தினி இருக்குது. ஓட்ட மாத்த பாகூர்லியே போட்டிருக்கலாமே. எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

அவள் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நெட்டப்பாக்கத்து மாப்ளயோட சின்னம்மா உன் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்துச்சு. எங்கள பத்தி உங்கிட்ட விசாரிச்சுது. நீ இன்னா சொன்ன?"

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. அவளே சொன்னாள்.

"கம்பெனி ஆறு மணிக்கே வுட்டுடும், அவங்க எட்டு மணி பஸ்லதான் வருவாங்கன்னு சொன்ன. சொல்லிட்டு சிரிச்ச."

அப்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஊதாப் புடவை கட்டிய ஒரு அம்மா. மெஷின் சூடாகிற நேரத்தில் சும்மா பேசிய பேச்சு. அந்த இரண்டு மணி நேரம் அவள் ஓவர்டைம் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும். ஆனாலும் நான் அதைச் சொல்லவில்லை, மற்றதைத்தான் சொன்னேன்.

"சரி, அந்த ஸ்டூல எடு. வண்டி வந்துடுச்சு" என்றாள். மினி லாரி கிளம்பும்வரை கூடவே இருந்தாள். எனக்கு வியர்க்கிறது என்று தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன அறை பிடித்தேன். அங்கே யார் வருவார்கள். கொம்யூன் ஆபீஸ் கூட்டமெல்லாம் பழைய தெருவோடு போயிற்று. நான் செய்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் மகள் பாகூரில் புருஷன் குழந்தையோடு நன்றாக இருக்கிறாள். என் அத்தாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை இருக்கிறது. தொழுகையில் உட்கார்ந்தால்கூட சில நாள் எனக்கு அந்தக் கயிற்று முடிச்சுதான் நினைவுக்கு வரும்.

இந்தத் தேர்தலுக்குக் கட்சி மறுபடி விருப்ப மனு வாங்கியது. சுயேச்சையை வீழ்த்திய பெண் என்று அவளைக் கட்சி திரும்பக் கூப்பிட்டு மகளிர் அணியில் பதவி கொடுத்திருந்தது. ஓட்டையும் இந்தப் பக்கமே மாற்றிக்கொண்டுவிட்டாள். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு என் சந்துக் கடை வாசலில் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. "எப்படி மா இருக்க? புள்ளைங்க படிக்குதா?" என்று சிரித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள். விருப்ப மனு அடிக்க வேண்டுமாம். எனக்கும் அவளுக்கும் நடுவில் எதுவுமே பாக்கியில்லை என்பதுபோல இருந்தது அவள் பேச்சு.

நான் ஒன்றும் சொல்லாமல் அடித்தேன். பெயர், வயது, கட்சியில் சேர்ந்த வருஷம், வகித்த பொறுப்புகள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பாதியில்தான் நான் எதற்கும் பதில் சொல்லாமல் இருப்பதைக் கவனித்திருக்க வேண்டும். அவள் பேச்சு நின்றது.

"கோவமா மா எம்மேல?"

"சேச்சே. இல்லக்கா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பிரிண்ட் எடுத்து, அடுக்கி, பின் குத்தி நீட்டினேன். வாங்கிக்கொண்டு வெளியே போனாள். வெயிலில் நின்று முதல் தாளிலிருந்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் தாளுக்குப் போனாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்குது இல்ல?" என்றாள்.

"நீங்க சொன்னதத்தான் அடிச்சேன்."

சந்து முனையில் இன்னொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஒரு பையன் புதிதாக வைத்தது. அவள் நேரே அங்கே போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் தாள்களை அவன் முன்னால் பரப்பி, முதல் வரியிலிருந்து புதிதாக அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் எழுந்து எழுந்து திரையைப் பார்த்தாள்.

அந்த மனுவில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றி அடிக்கவில்லை. அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி எடுத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.